கட்டிங் மாஸ்டர் படித்த ஸ்பானிஷ்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் ஒரு தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ரிட்டயர் ஆனபிறகு ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லாம் எங்கள் ஒரே மகளுக்காக. ஸ்பானிஷ் பேசுகிற ஊரில் வாழ்க்கைப்பட்டு, முழுகாமல் இருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, பிரசவ நேரத்தில் நடுக்கடலில் இருப்பார். எங்களுக்கோ விசா கிடைக்கவில்லை. அவளோடு இருக்கப்போவது சம்பந்தியம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. லேண்ட்லைன் காலம் அது.

"புள்ள எப்படி இருக்கான்னு கூட கேக்க முடியாதே," என்று தட்டைத் தள்ளிவைத்தவர், மறுநாள் பாடப்புத்தகத்தோடு வந்தார்.

அந்தப் பாஷையில் வார்த்தைக்கு வார்த்தை ஓர் அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமாம். எழுத்தின் மேல் கோடு இருந்தால் அங்கே. கோடு இல்லாமல், வார்த்தை உயிரெழுத்திலோ 'என்', 'எஸ்' எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில். மற்றதெல்லாம் கடைசி அசையில். இவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வார்த்தைகளை எழுதி, அழுத்த வேண்டிய அசைமேல் துணிக்குக் குறிபோடும் நீலச் சாக்பீஸால் கோடு இழுப்பார். அப்படியும் ஒரு மாதம் அத்தனையும் தப்பு.

"பனியனுக்கு 'கமிசேத்தா', அப்பா. 'சே'ய அழுத்துங்க. நீங்க 'மி'யப் போட்டு அமுக்குறீங்க," என்று மகள் போனில் சிரித்தாள்.

கோளாறு எனக்குத்தான் பிடிபட்டது. சட்டையைத் தோளிலிருந்து கீழே அளந்தே பழகிய கை, வார்த்தையையும் தலையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தது.

"பாவாடைக்கு மடிப்பு வைக்கும்போது தரையிலேருந்து மேல அளப்பீங்கல்ல? அப்படிக் கடைசியிலேருந்து எண்ணிப் பாருங்க," என்றேன்.

முறைத்தார். ஆனால் அன்றைக்கே எல்லாத் தாளையும் எடுத்துத் திருத்தினார்.

பிறகு வீடு முழுக்க ஸ்பானிஷ்தான். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வார்த்தை வரும், அழுத்துகிற இடத்தில் வாளியில் ஒரு தட்டு கேட்கும். அப்போது தலைவலியாக இருந்தது. அவர் போய் மூன்று வருடமாகிறது. அந்தத் தலைவலி திரும்ப வந்தால் தேவலை என்றிருக்கிறது.

பிரசவத்தன்று மத்தியானம் போன் வந்தது. சம்பந்தியம்மா படபடவென்று என்னமோ பொரிந்தார். நடுவே விசும்பல். இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, முகம் வெளுத்துவிட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக அழுத்தி, "கோமோ எஸ்தா மி ஈஹா?" என்றார். என் மகள் எப்படி இருக்கிறாள்?

பிறகு அந்த அம்மா, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல நிதானமாக, வார்த்தை வார்த்தையாகப் பதில் சொன்னார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். பொண்ணு," என்று இவர் போனை வைத்தார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்தார். மகள் பிறந்தபோது அவசர ஆர்டர் என்று மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வந்தும் தொட்டிலை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்.

"அன்னிக்கு நீ எப்படி இருக்கேன்னு நான் கேக்கவே இல்லல்ல?"

கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ரொம்பப் பயமா இருந்துச்சு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்," என்று வந்துவிட்டது.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லு," என்றார்.

இருபத்தாறு வருடம் கழித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.