எட்டு நிமிஷப் பாட்டு

திருச்சியில் பழைய பொருள் கடையொன்றில் அந்த டிஸ்கோ இசைத்தட்டை உறையிலிருந்து உருவியதும் எழுந்த புழுங்கிய அட்டை வாசனையில், இன்று இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட ரெட்டிபாளையத்து சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸும், தூசி படிந்த அதன் ஜன்னலும், அங்கே குடியிருந்த என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவும் எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டன.

அந்தத் தட்டிலுள்ள பாட்டு அப்போது என்னிடமும் கேசட்டில் இருந்தது, அரியலூர் கேசட் கடைக்காரர் மிச்ச இடத்துக்குத் தக்கபடி மூணு நிமிஷமாக வெட்டிப் பதிந்து கொடுத்தது. "ஒன் பாட்டுக்கு வாலை அறுத்துட்டாங்கடி" என்பாள் ஸ்டெல்லா. அவள் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தட்டில் அது எட்டு நிமிஷம் ஓடும். நடுவில் குரலெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் வெகுதூரம் நடந்துபோய், பிறகு அந்தப் பெண்குரல் அழுதுகொண்டே ஆடத் திரும்பும். ஊசியை வைக்க ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் அனுமதி. "நீ கேளும்மா, அது போதும்" என்பார் அவள் அப்பா, அன்பாகத்தான், மகள் கைமேல் தன் கையை வைத்து ஊசியை இறக்கியபடி. பாட்டைவிட அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும்.

தட்டை வாங்கி வந்து இன்று நானே ஊசியை இறக்கினேன். குரல்கள் ஒதுங்கி வெறும் தாளம் வந்தபோதுதான் கவனித்தேன், ஊசிக்குப் பக்கத்திலேயே என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மேலே இன்னொரு கை வந்து படியும் என்பதுபோல.