திரைக்குப் பின்னால் கேட்ட ஓம்

எங்கள் பக்கத்துப் பெண்களின் சட்டைகளையெல்லாம் தைத்தவர்கள் ஆண்கள். கல்முனை பசாரில் அவர்களுடைய கடைகள் இருந்தன. எந்தப் பெண்ணையும் அவர்கள் அளந்ததில்லை, அளக்கவும் முடியாது. புதுத் துணிக்குள் ஒரு பழைய சட்டையைச் சுற்றி வாப்பாவோ அண்ணன்காரக் காக்காவோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். கடைக்காரர் அதைப் பார்த்து வெட்டுவார். வீட்டில் இருப்பதிலேயே நல்ல சட்டையைத்தான் அளவுக்குக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் கலியாணத்துக்குத் தைத்ததாக இருக்கும். அதனால் நாலைந்து பிள்ளை பெற்ற உம்மாமாரும் குமர்ப்பிள்ளை அளவில் தைத்த சட்டைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு திரிந்தார்கள். சட்டை இறுக்கினால் அவர்கள் தையல்காரரை ஏசமாட்டார்கள். தங்கள் உடம்பைத்தான் ஏசுவார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். பாண்டிருப்பில் ஒரு டீச்சர் தன் வீட்டில் நடத்திய தையல் வகுப்பில் வெட்டவும் தைக்கவும் படித்திருந்தேன். வாப்பா மௌத்தாகியிருந்தார். காக்காமார் கிடையாது. ஆகவே போகாதே என்று சொல்லவும் வீட்டில் ஆளில்லை. உம்மா மட்டும், "குமர்ப்பிள்ள இப்பிடி ஊர் சுத்தினா ஆர் கட்டுவான்?" என்று காலையில் ஒருதரம் கேட்பார். பிறகு அவரே குடையை எடுத்துத் தருவார். ஆண்கள் நிற்கும் சந்தி வந்தால் குடையை முகத்துக்குத் தாழ்த்திக்கொள்வேன். எதிரில் வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். ஊரில் பாதி ஆண்களை எனக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

பெண்களை மட்டும் நன்றாகத் தெரிந்தது. கையை உயர்த்தச் சொல்லி நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடிக்கும்போது எந்தப் பெண்ணும் சும்மா நிற்பதில்லை. கதைக்கத் தொடங்கிவிடுவாள். அப்படி ஒரு பெண் வந்து தன்னைக் கவனமாகப் பார்ப்பது அவர்களுக்குப் புதிது என்று நினைக்கிறேன். வாய்க்காரி என்று பேரெடுத்த ஒரு மாமி, புருசனுக்கு முன்னால் தனக்கு வாயே வராது என்று என்னிடம் சொன்னார். இன்னொரு வீட்டில், நல்ல வசதியான வீடு அது, மேற்கையில் நீலமாகக் கன்றியிருந்ததைக் கண்டு கையை எடுத்தேன். "கதவுல பட்டிட்டு" என்றாள் அந்தப் பெண். ரெண்டு மாதம் கழித்துப் போனபோது மற்றக் கையிலும் கதவு பட்டிருந்தது. சட்டைக்கையை முழங்கை வரைக்கும் இறக்கித் தைக்கச் சொன்னாள். தைத்துக் கொடுத்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் அந்த வீடுகளில் அதைக் காட்ட எனக்கு இடமில்லை. குனிந்து அளவெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் வாயைத் திறந்தேன்.

அந்த வீடு கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தது. மூத்த பெண்ணுக்குக் கலியாணம். கூறைச் சாறிக்குச் சட்டை தைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் தொண்டர் ஆசிரியையாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சக் காலம் அப்படி இருந்தால் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் போகலாம், பிறகு நிரந்தர வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு. அவளுடைய உம்மா தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன நேரம், நான் முதுகை அளந்துகொண்டு நிற்கையில் அவள் கேட்டாள்.

"ராத்தா, காவின் எழுதக்குள்ள என்னட்ட கேப்பாங்கதானே?"

"ஓம். வாப்பா வந்து கேப்பார். பதிவுகாரரும் கூட வருவார்."

"கேட்டா நான் இல்ல என்டு சொல்லப் போறன்."

டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லையாம். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடை இருக்கிறது. ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போகும்போதே, கலியாணம் முடிந்தால் பள்ளிக்கூடம் போகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"வாப்பாட்ட சொல்லிப் பாத்தயா புள்ள?"

"உம்மாட்ட சொன்னன். அவ அழுதுட்டா. அதோட விட்டுட்டன்."

எங்கள் காவினில், கலியாணப் பதிவில், பெண் கையெழுத்து வைப்பதில்லை. மாப்பிள்ளை வைப்பார், பெண்ணுக்காக வாப்பா வைப்பார், சாட்சிகள் வைப்பார்கள். அதற்கு முன்னால் வாப்பா அறை வாசலுக்கு வந்து மகளிடம் சம்மதம் கேட்பதோடு பெண்ணின் பங்கு முடிந்துவிடும். ஓம் அல்லது இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து சட்டையை வெட்டும்போதும் தைக்கும்போதும், இதை இந்தப் பெண் உடுத்தக்கூடாது ரப்பே என்று துஆ கேட்டேன். நான் தைத்ததை ஒருவரும் உடுத்தக்கூடாது என்று நான் ஆசைப்பட்டது அந்தச் சட்டைக்கு மட்டும்தான்.

அளவு பார்க்க இரண்டாம் முறை போனபோது வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன் மண்டபத்தில் வாப்பாவின் சாய்மனைக் கதிரை இல்லை. உம்மாவின் பெட்டிகளும் இல்லை. வளவின் பின்பக்கம், குசினியை ஒட்டிப் புதிதாகக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் அவையெல்லாம் இருந்தன. எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கு வீடு பெண்ணுக்குப் போய்விடும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் மற்றப் பிள்ளைகளோடு பின்னுக்குப் போய்விடுவார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இவர்கள் கலியாணத்துக்கு முன்னாலேயே போயிருந்தார்கள்.

"ஏன் இவ்வளவு அவசரம்?" என்று பெண்ணின் உம்மாவிடம் கேட்டேன்.

"பழகத்தானே வேணும் மகள்" என்று சிரித்தார். "மாப்பிள்ள வந்த பிறகு சாமான் தூக்கித் திரிஞ்சா வடிவில்லதானே. அவள்ர வாப்பாதான் சொன்னார், இப்பவே மாறிடுவம் என்டு."

அந்த மனிதர் கொட்டில் வாசலில் குந்தியிருந்து பிஞ்சானில் சோறு தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இளைய பெண்பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் இனித்தான் வீடு கட்டவேண்டும். அறைக்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற மூத்தவள் யன்னலால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை அவளுக்குத் தொளதொளத்தது. சில நாட்களில் அவ்வளவு மெலிந்திருந்தாள். அவள் மனம் மாறவில்லை என்றே நினைத்துக்கொண்டு சட்டையை உள்ளே பிடிக்க எடுத்துப்போனேன்.

கலியாணத்தன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு காவின். உடுப்பாட்டும்போது சட்டை மறுபடியும் தொளதொளக்கிறது என்று ஆளனுப்பினார்கள். ஓடிப்போனேன். அறைக்குள் பெண்கள் நெருக்கமாக நின்றார்கள். மல்லிகையும் அத்தரும் வேர்வையும் கலந்து மூச்சு முட்டியது. பெண்ணின் உம்மா சுவரோடு நின்றார். உம்மாவின் தங்கை, அந்தப் பெண்ணுக்குச் சாச்சி, கட்டிலில் இருந்துகொண்டு எல்லாரையும் ஆட்டிப்படைத்தார். நான் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு பெண்ணின் முதுகுப் பக்கம் முழங்காலில் நின்று மடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். அப்போது வாசல் திரைக்கு வெளியே ஆண்களின் சத்தம் கேட்டது. அறை அடங்கியது.

வாப்பா மாப்பிள்ளையின் பேரையும் அவருடைய வாப்பாவின் பேரையும் அவர் தரும் மஹர்ப் பணத்தையும் சொல்லி, இவருக்கு உன்னைக் கலியாணம் முடித்துத் தரச் சம்மதமா மகள் என்று கேட்டார். பெண் பேசவில்லை. அவள் முதுகு என் கைக்குக் கீழே விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"வெக்கப்படுறா. பேசாம இரிந்தா சம்மதம்தானே" என்றது வெளியே ஒரு குரல்.

"அது சரிதான். என்டாலும் வாயால சொன்னா எனக்கு மனசுக்குச் சரி" என்றார் பதிவுகாரர். தன்மையாகத்தான் சொன்னார். "இன்னொருக்காக் கேளுங்க."

வாப்பா மறுபடி கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அறைக்குள்ளிருந்து மெல்லிய குரலில் ஓர் ஓம் போனது. சாச்சிதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குமர்ப்பிள்ளையின் குரலை எடுத்துச் சொன்னார். ரெண்டு மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு அது குற்றமாகவே தெரியவில்லை. எத்தனையோ அறைகளில் எத்தனையோ சாச்சிமார் இப்படிச் சொல்லியிருப்பார்கள். வெளியே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். செருப்புகள் திரும்பின.

ஊசிகளைக் கையில் துப்பினேன்.

"நில்லுங்க வாப்பா. அது பொண்ணுட குரல் இல்ல."

வெளியே நின்ற ஆண்களுக்குக் கேட்கும்படி அதற்கு முன்னால் நான் எந்த வீட்டிலும் பேசியதில்லை. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். உம்மா சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டார். திரைக்கு வெளியே செருப்புகள் மறுபடி வாசலுக்கு வந்தன.

"மகள்" என்றார் வாப்பா. முன்பு கேட்டதுபோல அவர் பேர்களை அடுக்கவில்லை. "நீ உன்ட வாயால சொல்லு. என்ன சொன்னாலும் சரி. நான் இஞ்சதான் நிக்கிறன்."

இதைவிட நல்ல வாப்பா எங்கே கிடைப்பார் என்று நினைத்தேன். பெண் தலையை நிமிர்த்தி யன்னல் பக்கம் பார்த்தாள். பின்னாலிருந்த கொட்டிலில் தங்கச்சிமார் மூவரும் புது உடுப்போடு வரிசையாக இருந்தார்கள். கடைசிப் பிள்ளை தூக்கம் வந்து சாய்ந்துகொண்டிருந்தது.

"ஓம் வாப்பா" என்றாள் அவள். தெளிவாக, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி. வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

ஆண்கள் போனார்கள். பிறகு ஊர் என்னைப் பற்றிக் கதைத்தது. சில வீடுகளில் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. வேறு சில வீடுகளில், அந்த வாய்க்காரியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு சட்டைத் துணியை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அதெல்லாம் என்னைப் பெரிதாகத் தொடவில்லை. அந்த அறையில் அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

மண்டபத்தில் காவின் ஓதத் தொடங்கியதும் பெண்களெல்லாம் மாப்பிள்ளையைப் பார்க்க யன்னலுக்கு ஓடினார்கள். சாச்சியும் போய்விட்டார். உம்மாவை ஆரோ கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். நானும் அவளும் மட்டும் இருந்தோம். நான் அவளுக்கு நல்லது செய்தேன் என்றே அந்த நேரம் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல அவளுக்கு வழி திறந்துவிட்டேன், அவள்தான் அதால் போகவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"ஏன் புள்ள?" என்றேன். "இல்ல என்டு சொல்லுவன் என்டாயே. வாப்பாவும் என்ன சொன்னாலும் சரி என்டுதானே சொன்னார்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை.

"வாப்பா அப்பிடிக் கேட்ட பிறகு எப்பிடி ராத்தா இல்ல என்டு சொல்ற? அந்தக் கொட்டில்லதானே அவர் படுக்கிறார்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"சாச்சி சொல்லிட்டா. அது அப்பிடியே போயிரிக்கும். எனக்குக் கோபம் வாற நேரம், பள்ளிக்கூடத்துப் புள்ளைகளக் காணுற நேரம், நான் இதுக்கு ஓம் சொல்லல்ல, அது சாச்சி சொன்ன என்டு என்ட மனசுக்குள்ளயாவது சொல்லிக்கிட்டு இரிந்திருப்பன். அது மட்டும்தான் எனக்கு மிச்சமா இரிந்திச்சி. இப்ப நானே சொல்லிட்டன்."

வெளியே துஆ முடிந்து எல்லாரும் ஆமீன் என்றார்கள். பெண்கள் அறைக்குத் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி நேராக இருந்துகொண்டாள்.

"முக்காட்டச் சரியாக்கி விடுங்க ராத்தா" என்றாள். "மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாறாங்க."