காலிப் பக்கத்தில் போட்ட கையெழுத்து

எங்கள் ஊர் கிராம சபையில் ஒரு வழக்கம். போனதும் நோட்டில் கையெழுத்து, கையில் டீ, பிஸ்கட் பாக்கெட். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் மேலே தீர்மானத்தை எழுதிக்கொள்வார்கள். மே தினத்தன்று நானும் காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன், புத்தி கெட்டவள்.

அப்போது என் வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சித்த வைத்தியர் கடை வைத்திருந்தார். அவர் தந்த லேகியத்தில்தான் மனுஷன் வலி அடங்கித் தூங்கினார். அதில் கஞ்சா இலை உண்டு. ஒளிவுமறைவு கிடையாது, லைசென்ஸைச் சுவரில் மாட்டியிருந்தார், மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கவும் மாட்டார். எதிரே இருந்த இங்கிலீஷ் மருந்துக்கடை ஊராட்சித் தலைவரின் மச்சானுடையது. அங்கே வியாபாரம் படுத்ததும் தலைவர் 'கஞ்சாக் கடை, கஞ்சாக் கடை' என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்தார்.

அடுத்த மாதமே அதிகாரிகள் வந்து வைத்தியர் கடையைப் பூட்டினார்கள். கடையை மூடச் சொல்லும் கிராம சபைத் தீர்மானத்தைக் கதவில் ஒட்டினார்கள். அடியில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. எவனோ அதைப் போனில் படம் பிடித்து என் வீட்டுக்காரரிடமே காட்டிவிட்டான்.

"இன்னாமே, நீயே கையெய்த்து போட்டுக்கீற?" என்றார்.

"ஐயோ, அப்ப அதுல ஒண்ணுமே எய்தல" என்றேன். நம்பினாரோ என்னவோ, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மிச்ச நாளெல்லாம் வலியில் துடித்தே செத்தார்.

காரியம் முடிந்தது. ஆகஸ்டு பதினைந்துக்காகக் காத்திருந்தேன். அன்றைய கூட்டத்தில் தலைவரின் வீட்டுமனைகளுக்கு ரோடு போடத் தீர்மானம் வேண்டும். நூறு நாள் வேலைக்கு என்னோடு வரும் பெண்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நோட்டு வந்தது. ஒருத்தியும் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்துக் கணக்குப்படி ஆள் போதவில்லை என்று அதிகாரி கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தலைவர் என் வாசலில் நின்றார். "உனக்கு இன்னாதாம்மா வேணும்?"

"காலிப் பக்கத்துல கையெய்த்து வாங்கிக்கினு, பின்னாடி கடைய மூடச் சொல்லி எய்தினேன்னு உங்க கையால எய்திக் குடுங்க. அவரு படத்தாண்ட வைக்கணும்."

பாவம், புருஷனை இழந்தவள், இவளால் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

காந்தி ஜெயந்தி கூட்டத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். "இப்ப போடலாமில்லம்மா?" என்று நோட்டை நீட்டினார். நான் எழுந்து அந்தச் சீட்டை அதிகாரி முன்னால் உரக்கப் படித்தேன், வரி விடாமல். "அடிப்பாவி!" என்றார் தலைவர். முகத்தில் ரத்தமே இல்லை. இன்னொரு தடவை படித்தேன்.

சீட்டை அதிகாரி வாங்கிக்கொண்டார். விசாரணை நடக்கிறது, ரோடு வரவில்லை. தலைவரிடம் நான் பொய் சொல்லவில்லை. ஜெராக்ஸ் எடுத்து என் வீட்டுக்காரர் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். படிக்க வேண்டியவர் அவர்தான்.