மூன்று மாத இலவசம்

கேபிள்காரரைத் தெருவில் நிறுத்திவைத்துத் திட்டியதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றதெல்லாம் எனக்குச் சாதகமாகப் போய்விடும்.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் தொழில். கரையையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, காஞ்சிபுரத்திலும் பெங்களூரிலும் இருக்கும் கடைக்காரர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் பார்த்துவிட்டு மயிலைச் சின்னதாக்கு, கொடியைத் தள்ளிப் போடு என்பார்கள். திருத்தி மறுபடியும் அனுப்ப வேண்டும். வீட்டின் முன்னறைதான் எனக்கு ஆபீஸ். இன்டர்நெட் ஒழுங்காக இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வரும் வேலை, இல்லாவிட்டால் ஒரு முறைகூடப் போகாது.

எங்கள் தெருவுக்கு முதலில் கேபிள் டி.வி. கொண்டுவந்தவர்தான் பிறகு இன்டர்நெட் லைனும் கொடுத்தார். கலசப்பாக்கம் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிலும் தானே ஏணி தூக்கிவந்து கம்பத்தில் ஏறுவார். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணா என்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு ஆர்டர்கள் குவியும் மாதங்களில், என் லைன் படுத்துக்கொண்டது. ஒரு முந்தி டிசைன் அனுப்ப முக்கால் மணி நேரம் ஆகும், பாதியில் நின்றும் போகும். கேபிள்காரர் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் ஒன்றையே சொன்னார்.

"தம்பி, இந்த பீரோவ கொஞ்சம் நவுத்தணும். பின்னாடி ஒயர் மடிஞ்சிகினு கீதுன்னு நினைக்கிறேன். உள்ள கண்ணாடி நூல் மாதிரி. மடிஞ்சா சிக்னல் வராது."

பீரோ முழுக்கப் பழைய டிசைன் அட்டைகளும் சாம்பிள் துணிகளும். அதைக் காலி பண்ணி நகர்த்த அரைநாள் ஆகும். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் போனதும் மனைவியிடம், "லைனச் சரிபண்ணத் துப்பில்ல, பீரோ மேல பழி போடறாரு" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்த வாரம் காஞ்சிபுரம் கடை எனக்குக் கொடுத்திருந்த வேலையை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்தது. டிசைன் நேரத்துக்கு வரவில்லை என்றார்கள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். டீக்கடைக்கு எதிரே கம்பத்தில் கேபிள்காரர் நின்றிருந்தார்.

"எறங்குய்யா கீழ!" என்றேன்.

அவர் இறங்கினார். "இன்னா தம்பி, வூட்டுக்குள்ள போய்ப் பேசலாமே."

"எதுக்கு உள்ள? நாலு பேருக்குத் தெரியட்டும். மாசாமாசம் வாங்கிகினு ஊரையே ஏமாத்திகினு கீற நீ!"

டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைப் பிடித்தபடி திரும்பினார்கள். அவர் ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் பெரிய குடை ஒன்று முளைத்தது. கீழே மேசை, மேசைமேல் வழுவழுவென்று நோட்டீஸ்கள். கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு விற்பனையாளர் போகிற வருகிறவர்களை எல்லாம் "சார், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புது கம்பெனி, இருநூறு ஸ்பீடு, தெருவில் ஒயரே இழுக்க வேண்டாம், மாடியில் ஒரு பொட்டி வைத்தால் போதும், மாட்டுவதற்குக் கட்டணம் கிடையாது, ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"இப்ப யார்கிட்ட சார் லைன் வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவரு சீக்கிரம் மூடிடுவாருன்னு ஃபீல்டுல பேசிக்கிறாங்க சார். கடைசி நேரத்துல மாட்டிக்காதீங்க."

யார் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அந்தச் செய்தி எனக்கு இனிப்பாக இருந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு அவர் இன்னொன்று சொன்னார். தெருவில் மூன்று வீட்டைச் சேர்த்துவிட்டால் எனக்கு மூன்று மாதம் இலவசம்.

மாலைக்குள் மூன்று வீடும் சேர்த்துவிட்டேன். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர், பிறகு எதிர்வீட்டு அக்கா. மூவரிடமும் கேபிள்காரர் கடையை மூடப்போகிறார் என்றேன். "பேசிக்கிறாங்க" என்பதுகூட இல்லை. மூடப்போகிறார் என்றே சொன்னேன். எனக்குக் கிடைக்கும் மூன்று மாதத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பிறந்த ஊர் தேசூர். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அக்கா வீட்டிலிருந்தபடி புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பார். மகள் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அக்கா மடியில் முந்தியை விரித்து வைத்து முடிச்சுப் போட்டபடியே நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும் தம்பி. நீ கம்ப்யூட்டர்லயே இருக்கிறவன். நீ சொன்னா சரி."

புது இணைப்பு முதல் சில வாரம் பறந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் திடீரென்று நொண்ட ஆரம்பித்தது, பழைய லைனைவிட மோசமாக. புகார் எண்ணைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போட்டார்கள். நாலாவது நாள் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். இருநூறு என்பது "இருநூறு வரை". மாதத்துக்கு ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டினால் அடுத்த மாதம் பிறக்கும்வரை வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். படிவத்தின் பின்பக்கம் போட்டிருக்கிறது என்றார். எடுத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு வருடம் முடிவதற்கு முன்னால் விலகினால் கட்டியது திரும்ப வராது என்றும் இருந்தது.

அன்றே மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் படுத்துவிடும், நெட்டைப் பார்த்துச் செலவு பண்ணுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. என் இலவச மாதங்கள் இன்னும் கணக்கில் ஏறியிருக்கவில்லை. நான் சேர்த்த மூவரும் மூன்று மாதம் விலகாமல் இருந்தால்தான் ஏறும். சொன்னால் சண்டை போட்டுக் கழற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். மூன்று மாதக் கட்டணம் என்பது என் தொழிலில் ஒரு கரை டிசைனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதக் கடைசியில், ஒரு மாலை, அக்காவின் மகள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு இன்டர்வியூ. சென்னை கம்பெனி. வீடியோல. நெட் நல்லா இருக்கும் இல்ல?"

தேதி எனக்குத் தெரியும். அன்று மதியம்தான் என் வீட்டில் ஒரு படம் திறக்க மறுத்திருந்தது.

"இருக்கும்மா. நல்லா பண்ணு" என்றேன்.

மறுநாள் பதினொன்றே கால் இருக்கும். லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து ஓடிவந்தாள். புதுச் சுடிதார், நெற்றியில் வியர்வை. "மாமா, கட்டாயிக்கினே இருக்கு. உங்க வீட்டுலருந்து பேசட்டுமா?"

என் வீட்டிலும் அதே பொட்டி, அதே கம்பெனி. என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். முன்னறையில் சிக்னல் எடுக்காது என்று மாடிக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் திரையில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சார், ஆடிபிளா சார்? சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் முகம் ஒரு நிமிடம் உறைந்து நின்றது, பிறகு கறுப்பாகிவிட்டது. மறுபடி உள்ளே போக முயன்றபோது அவர்கள் முடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடி மார்போடு வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த தேங்க்ஸுக்குப் பிறகு நான் மாடியிலேயே வெகுநேரம் நின்றேன். கீழே போனால் அக்கா வாசலில் இருப்பார்.

இரண்டு நாள் எதிர்வீட்டைப் பார்க்காமல் வெளியே போய் வந்தேன். வண்டியைத் தெருவின் மறுமுனை வழியாக எடுத்தேன். இன்னொரு வாய்ப்புத் தர முடியாது என்று கம்பெனி பதில் எழுதிவிட்டதாக மனைவிதான் வந்து சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்கள சேர்த்துவிட்டதுக்கு எனக்கு மூணு மாசம் இலவசம். அத நான் உங்ககிட்ட சொல்லல."

"அது தெரியும் தம்பி." தலை நிமிரவில்லை. "என்னாண்டயும் அந்த ஆளு சொன்னான். உங்க சொந்தக்காரங்க நாலு பேர சேர்த்து விடுங்கன்னான். மொதல்ல எனக்கு எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு சொல்றேன்னு அனுப்பிட்டேன்."

அவர் ஒரு முடிச்சை இறுக்கிவிட்டுக் கேட்டார்.

"மாசக் கடைசியில படுத்துக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அன்னிக்கு சாயந்திரம் அவ வந்து கேட்டாளே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கை நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "அத சொல்லியிருந்தா ஜல்தியா பஸ் ஏத்தி வேலூர்ல அவ சிநேகிதி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு மறுபடி நூலை எடுத்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

அன்றே கேபிள்காரரின் சின்ன ஆபீஸுக்குப் போய், லைன் மறுபடி வேண்டும் என்றேன். "நாளைக்கு வரேன் சார்" என்றார். சார். தம்பி போய்விட்டிருந்தது.

மறுநாள் அவர் வருவதற்குள் நானே பீரோவைக் காலி பண்ணி வைத்திருந்தேன். இருவரும் சேர்ந்து நகர்த்தினோம். பீரோவின் பின்கால் ஒயரின்மேல் நின்றிருந்தது. ஒயர் நசுங்கி, வளைந்து, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பீரோவை அங்கே தள்ளியது நான்தான். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நசுங்கிய துண்டை வெட்டி எறிந்து, புது ஒயரை இணைத்து, தன் பழைய பொட்டியில் பச்சை விளக்கு வரும்வரை காத்திருந்தார். "பீரோவ இந்தப் பக்கம் வெச்சிக்குங்க சார்" என்றார்.

"அண்ணா, அன்னிக்குத் தெருவுல பேசினது தப்பு."

"விடுங்க சார். அது பரவால்ல." கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். "நான் மூடப்போறேன்னு எவனோ தெருவுல கெளப்பி வுட்டுட்டான். அதான் பேஜாரா பூடுச்சி. என்னாண்ட இருந்த லைன்மேன் ரெண்டு பேரும் பயந்துகினு வேற எடம் பாத்துகினு போய்ட்டாங்க. அதான் நானே அல்லாத்துக்கும் அலையறேன்."

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. "நான்தாண்ணா சொன்னேன்" என்றேன்.

அவர் பையைத் தரையில் வைத்தார். "எங்க சொன்னீங்க?"

"மூணு வீட்டுல."

"மூணு வீட்டுல சொன்னது ஊரு பூரா சுத்திச்சி." பையை மறுபடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்ப அந்த மூணு வீட்டுக்கும் நீங்களே என்கூட வாங்க. இன்னிக்கே. அது பொய்யின்னு உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா வியாபாரத்துக்கு சொல்றேன்னுவாங்க."

போனோம். டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் முன்னே நடந்தார், நான் பின்னே. ஆலைக் கணக்கர் சிரித்துவிட்டு, "விடுங்க, வியாபாரம்னா அப்படித்தான்" என்றார். அந்தச் சிரிப்பு என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது போலிருந்தது. டீச்சர் என்னை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "படிச்சிருக்கீங்க இல்ல?" என்றார். இருவரும் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டதால் புது கம்பெனியிலேயே இருந்துவிட்டார்கள். கேபிள்காரருக்கு அந்த வீடுகள் திரும்பி வரவில்லை.

அக்கா வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "உள்ள வாங்கண்ணா" என்று கேபிள்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அக்கா தலையாட்டிவிட்டு டீ போட எழுந்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவர்கள் இருவரும் ஒயரை எந்த ஜன்னல் வழியாக எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிய பணம் போனால் போகட்டும் என்று அக்கா அன்றே பழைய லைனைப் போட்டுக்கொண்டார்.

அவர் மகள் அடுத்தடுத்த இன்டர்வியூக்களுக்கு வீட்டு லைனை நம்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் விடிகாலை பஸ்ஸில் வேலூர் போனாள். ஐந்தாவதோ ஆறாவதோ கிடைத்தது. முதலில் கேட்ட கம்பெனியைவிடச் சின்னது என்று மனைவி சொன்னாள். சென்னைக்குக் கிளம்பிய அன்று பெட்டியோடு தெருவில் ஆட்டோவுக்காக நின்றிருந்தாள். நான் வெளியே வந்து, "போய்ட்டு வாம்மா" என்றேன். "வரேன் மாமா" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆட்டோ வந்ததும் பெட்டியை அதில் தூக்கி வைக்கலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவளே தூக்கி வைத்துவிட்டாள்.