பீன்யாவில் ராணியைக் கூப்பிடக் குரல் கொடுத்த அம்மன்

சென்ற ஆனி மாதம், பீன்யா தொழிற்பேட்டையில் நான் பதினேழு வருடம் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்குகிறவனை வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. என் மனைவி செல்வி வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டில் கூட்டித் துடைத்துத்தான் அடுப்பு எரிந்தது. பல நாள் சோறு எங்கள் இருவருக்கே போதாது. எங்கள் நாய் ராணி காலித் தட்டை நக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். எனக்குச் சாப்பாடு இறங்காது.

அங்கேயாவது அதற்குச் சோறு கிடைக்கும் என்று, ஒரு திங்கட்கிழமை ராணியைக் கயிற்றில் கட்டி நாய்கள் காப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். என்னைப் போலவே நாயோடு பலர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு அம்மாவை, ஏன் விடுகிறீர்கள் என்று எல்லார் எதிரிலும் கேட்டார்கள். அந்த அம்மா அழுதுவிட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். என் முறை வந்ததும், வேலை போனதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வூட்டு நாயா, தெரு நாயாண்ணா?" என்று அங்கே வேலை செய்த பெண் கேட்டாள்.

"தெரு நாய்."

"எங்க புடிச்சீங்க?"

"பீன்யாவுல." பட்டறை இருந்த தெருவைச் சொன்னேன். அதுதான் வாயில் வந்தது.

"குட்டி போடாம ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, சனிக்கிழமை புடிச்ச எடத்துலயே வுட்டுருவோம். தெரு நாய்க்கு அதான் ரூல்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

"லாரி ஓடுற எடத்துல அது இன்னாயா பண்ணும்? வூட்டுக்குள்ளயே வளந்த நாயி," என்றாள் செல்வி. "போய்ச் சொல்லு. வாயில இன்னா கொழக்கட்டையா?"

வெட்கத்தில் நான்கு நாள் போகவில்லை. வெள்ளிக்கிழமை மர்பி டவுனில் நம் கோயிலுக்குப் போய் அம்மன் முன் நின்றேன். வேலை கேட்கவில்லை. "தாயே, எனக்கு வாயைக் கொடு. ராணி சாகக் கூடாது" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போனேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். பீன்யாவுக்கு ஓடினேன். பட்டறை வாசலில் ராணி இல்லை. மதியம் வரை தெருத் தெருவாகத் தேடினேன். நடு ரோட்டில் சத்தம் போட வெட்கப்பட்டு, மெதுவாகவே கூப்பிட்டேன். கால் ஓய்ந்து ஒரு சுவரோரம் உட்கார்ந்தேன். இனி முடியாது என்று தோன்றியது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து "ராணீ" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் கத்தினேன். நின்றிருந்த லாரிக்கு அடியிலிருந்து அது ஊர்ந்து வந்தது. ஆபரேஷன் ஆன அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருந்தார்கள். என் காலில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அது என் குரல் இல்லை. அம்மன் கொடுத்தது.

திரும்பும் வழியில் எங்கள் தெருக் கோழிக் கடையில் நின்றேன். "பாய், எனக்கு வேல போயிடுச்சி. நாய்க்குக் கழிவு எதனா கெடைக்குமா?"

"தெனம் தூக்கித்தானே போடறேன். இத்தினி நாளா கேக்கறதுக்கு இன்னா?" என்றார் அவர்.

நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. மூட்டை தூக்குகிறேன். உடம்பு தாங்குவதில்லை. ஆனாலும் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டுத்தான் படுக்கிறோம்.

அம்மன் அடியார்களே, கஷ்டத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். முதலில் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். மனிதரிடம் சொல்லும் தைரியத்தை அவளே தருவாள். எனக்குத் தந்தாள்.