நீள ஸ்க்ரூ

அன்று 'சார்' என்று கூப்பிட்டவனை இன்று 'அவன்' என்றே எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் மரியாதை வரவில்லை. வரவழைக்கவும் மனமில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் ஆலை ஒன்றில் நான் பயிற்சியில் இருந்தேன். குன்றத்தூரில் மலைக்குக் கீழே ஒரு வீடு; ஆறு பெண்கள், ஒரு குளியலறை. காலையில் வாளிக்குச் சண்டை, சண்டையின் ஈரம் காய்வதற்குள் கம்பெனி பஸ். இறங்கினால் வெள்ளை வெளிச்சம், நீலக் கோட்டு, ஏசிக் குளிர். வெளியே வெயில் லாரிப் புழுதியில் புரண்டுகொண்டிருக்கும். உள்ளே பருவமே கிடையாது.

என் வேலை ஸ்பீக்கர். பொட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். போனைக் காதில் வைத்தால் எங்கோ இருப்பவர் குரல் வந்து இறங்குகிற இடம். எடு, வை, ஒரே ஒரு ஸ்க்ரூ, தள்ளு. எடு, வை. அந்த ஸ்க்ரூவை நான் தேடியதில்லை. ஒரு குட்டி இயந்திரம் ஒவ்வொன்றாக நாக்கு நுனியில் ஏந்தி நீட்டும். எவ்வளவு இறுக்குவது என்று யோசித்ததில்லை. கரண்டில் ஓடும் ஸ்க்ரூடிரைவர் போதுமென்றால் தானே 'டிக்' என்று நின்றுவிடும். யோசிக்க வேண்டியதையெல்லாம் யாரோ யோசித்து வைத்திருந்தார்கள். எனக்கு மிச்சம் வைத்தது வேகம். அதில் என்னை முந்த அந்த லைனில் ஆளில்லை. ஊருலகம் பேசுகிற போனில் எல்லாம் என் விரல் பட்டிருக்கிறது என்று தலை நிமிர்த்தித் திரிந்தேன். திமிர்தான். வேறென்ன வைத்திருந்தேன் அந்த வயதில்.

அவன் எங்கள் லைன் சூப்பர்வைசர். பக்கத்திலேயே மணிமங்கலத்துக்காரன். என் பெயர் அவன் வாயில் வந்ததே இல்லை. என் ஊர் திருநெல்வேலியைச் சொல்லித்தான் கூப்பிடுவான். "இன்னா தின்னேலி, கை ஓடுதா, தூங்குதா?" பின்னால் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பான். பிடரியில் எறும்பு ஊர்வது போலிருக்கும். என் பயிற்சிக் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. யாரை நிரந்தரமாக்கலாம், யாரை அனுப்பலாம் என்ற பட்டியலை மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பவன் அவன்தான். நிரந்தரம் ஆகாவிட்டால் எனக்கு ஊர்தான், ஊரில் எனக்காகப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைதான்.

அந்த வாரம் அவன் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய பழைய சாமான். அதில் எங்கள் லைனைப் படம் பிடித்து, தன் குரலிலேயே விளக்கம் பேசிப் பதிந்து வைத்திருந்தான். திங்கட்கிழமை வெளியிலிருந்து ஆலையைப் பார்க்க வருபவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர். ஆனால் லேப்டாப்பின் ஸ்பீக்கர் கிழிந்துபோயிருந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் வந்தது அவன் குரல். எனக்கு அந்தக் குரல்தான் அவனுக்குப் பொருத்தம் என்று பட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஜோடி புது ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தான்.

"தெனம் ஆயிரம் ஸ்பீக்கர் மாட்டிகினு கீற. இதுல ரெண்டே ரெண்டு மாட்டிக் குடேன்."

"அது போன் சார். இது வேற."

"இன்னா வேற? ஸ்பீக்கர்னா ஸ்பீக்கர்தான். முடியலன்னா முடியலன்னு சொல்லிடு, அல்வா குடுக்காத. வேற ஆளுங்க கீறாங்க. லிஸ்ட் எழுதறப்ப நானும் நாலும் யோசிக்கணும்ல?"

"குடுங்க. எனக்குத் தெரியும்."

தெரியாது. லேப்டாப் ஒன்றை அதற்கு முன் தொட்டதுகூட இல்லை.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று கூடவே நின்றாள்.

"ஏட்டி, எந்த ஸ்க்ரூவ எங்க கழட்டுனன்னு ஒரு தாள்ல படம் போட்டு வையி. எங்க மாமா ரேடியோ பிரிக்கும்போது அப்படித்தான் செய்வாவ."

"உங்க மாமாவ வேணும்னா வந்து பிரிக்கச் சொல்லு. எனக்குத் தெரியும்."

பேட்டரியை எடுத்தேன். கவிழ்த்து அடி ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் கழற்றி ஒரே டப்பா மூடியில் கொட்டினேன். கீபோர்டை நெம்பி, அதன் பட்டை வயரை விடுவித்து, கை வைத்துக்கொள்கிற வெள்ளித் தகட்டைத் தூக்கினால், முன் ஓரத்தில் இரண்டு மூலையிலும் ஸ்பீக்கர். வலப்பக்கத்துக் காகிதக் கூம்பில் தலைமுடி போல ஒரு கிழிசல். இவ்வளவுதானா? லைன் முழுவதையும் நடுங்க வைக்கிற குரலை இந்த மயிரிழை அல்லவா கேலி செய்திருக்கிறது! கொஞ்ச நேரம் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய இரண்டையும் எடுத்து, புதியவற்றை வைத்து, சிவப்பும் கறுப்புமான வயரை அதன் பள்ளத்தில் படுக்கவைத்து, முனையைச் சர்க்யூட் பலகையில் செருகினேன். என் விரல் அதுவரை பிசகவில்லை.

மூடும்போதுதான். மூடியிலிருந்த ஸ்க்ரூக்களில் சில குட்டை, சில நீளம். கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. எங்கள் லைனில் ஸ்க்ரூ என்றால் ஒரே ஸ்க்ரூ. கைக்கு வந்ததை எடுத்தேன், தெரிந்த துளையில் போட்டேன். ஒன்று முக்கால்வாசியில் அடம்பிடித்தது. 'டிக்' என்று நிறுத்த அங்கே எதுவும் இல்லை. கையால் திருகும் ஸ்க்ரூடிரைவர். அதற்குப் பின்னால் என் கோபம். அழுத்தித் திருகினேன்.

நிமிர்த்தினால், வெள்ளித் தகட்டில், விரல் தேய்க்கும் சதுரத்துக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். உச்சி வெளுத்துப் பிளாஸ்டிக் வெடிக்கப் பார்க்கிறது. ஸ்க்ரூவை உருவினேன். கொப்புளம் உள்ளே போகவில்லை. குட்டையானதைத் தேடிப் போட்டு மூடினேன். சங்கரன்கோவில்காரி பார்த்தாள். நான் முறைத்தேன்.

அவன் வந்து படத்தை ஓட்டினான். கண்ணாடி போல் வந்தது குரல். தன் குரலைத் தானே கேட்டுக் கிறங்கி நின்றவன் தகட்டைப் பார்க்கவே இல்லை. "பர்வால்லியே தின்னேலி" என்றான். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் அறைக்கு என்னையும் வரச் சொன்னார்கள், வந்தவர்களுக்குப் போனில் ஸ்பீக்கர் மாட்டிக் காட்ட. படம் முடிந்தது. மேனேஜர் திருப்தியாக, "சவுண்ட் நல்லா வருதே. போன வாரம் கரகரன்னு இருந்துதே?" என்றார்.

"நானே பிரிச்சு ஸ்பீக்கர் மாத்திட்டேன் சார். இன்னா பெரிய வேலை."

நான் அவனுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

லேப்டாப்பை மூடப்போன மேனேஜரின் கட்டைவிரல் கொப்புளத்தில் இடறி நின்றது. தடவிப் பார்த்தார். "என்னப்பா இது, நீள ஸ்க்ரூவப் போட்டுக் குத்திவெச்சிருக்கீங்க? லைனையும் இப்படித்தான் பாத்துக்கறீங்களா?" வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. நானே செய்தேன் என்று சொன்ன வாய், அடுத்த நொடியில் அவள் செய்தாள் என்று எப்படிச் சொல்லும்? என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் லாக்கர் பக்கம் மறித்தான்.

"வேணுன்னே பண்ணியா?"

நான் லாக்கரைப் பூட்டினேன்.

"இத பார். எந்த ஸ்க்ரூ எங்க போவும்னு தெரியல சார், தெரியாம பண்ட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நானும் மன்சன்தான், வுட்டுர்றேன். லிஸ்ட்ல உன் பேரு இப்பவும் கீது. வேணுன்னு பண்ணியிருந்தா அது வேற கதை."

அவன் கேட்டது பொய் அல்ல, முழு உண்மை. ஆனால் தெரியாது என்று இவனிடமா? இவன் வாயாலேயே லைனில் எல்லோருக்கும் போய்ச் சேருமே, தின்னேலிக்கு ஸ்க்ரூ பார்க்கத் தெரியாதாம் என்று. கெட்டவள் என்று சொல்லட்டும். தெரியாதவள் என்று சொல்லக் கூடாது.

"தெரிஞ்சுதான் சார் போட்டேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

"எங்க ஊரு ஏரித் தண்ணியக் குடிச்சிகினு எங்ககிட்டயே ராங்கு காட்றியா? போ. நல்லா இரு."

மூன்றாம் வாரம் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. ஆபீஸில் கொடுத்த கடிதத்தில் காரணம் ஒரே வரி: வேலையில் கவனக்குறைவு. வன்மம் பிடித்தவள், கம்பெனிக்கு ஆகாதவள் என்று எழுதியிருந்தால் மடித்துப் பத்திரமாக வைத்திருப்பேன். நான் சொன்னதை அவன் நம்பவே இல்லை. லாக்கர் பக்கத்தில் என் முகத்தைப் பார்த்தபோதே கண்டுபிடித்திருக்கிறான். அதற்காகத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெட்டி கட்டும்போது சங்கரன்கோவில்காரி சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்: "தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லியிருந்தா என்னட்டி கொறஞ்சு போச்சு உனக்கு?"

அவளோடும் அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.