சமதரையில் நிற்கும் வண்டி

என் அக்காவைப் பணிமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்கக்கா என்பார்கள். மூக்கு கொஞ்சம் எடுப்புதான், ஆனால் காரணம் அதுவல்ல. குப்பை லாரியின் கியர்பாக்ஸிலிருந்து அளவுகோலை உருவி, நுனியில் ஒட்டியிருக்கும் சிவப்பு ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் வைத்து, தாளை மூக்கருகே கொண்டுபோவாள். தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கியரைப் பிடிக்கும் தட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். சொட்டு கறுத்திருந்தும் வாடை இல்லையென்றால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

அந்தப் பணிமனையில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். முதல் பதினோரு வருடம் வாசலில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் லாரிகள் பதினொன்று வந்தன. அதே மாதம் ஆயில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்றார். ஸ்டோருக்கு யார் போவது என்று கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. கையெல்லாம் பிசுக்காகும் வேலை. அக்கா போனாள்.

குப்பை லாரி முப்பது அடிக்கு ஒருமுறை நிற்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை நின்று ஆயிரம் தடவை கிளம்பும். மற்ற வண்டிகளில் கிளட்ச் படும் பாட்டை இந்த வண்டிகளில் ஆயில் படுகிறது. இன்ஜினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவதும் அதுதான், சூட்டை வாங்கிக்கொள்வதும் அதுதான். ஆனால் மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது. கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றலாம் என்று காத்திருந்ததில் மூன்று வருடத்தில் நான்கு கியர்பாக்ஸ் எரிந்தன. இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் கணக்கில் எடுத்து மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னது அக்காதான். மெக்கானிக்கே இல்லாத ஒருத்தி சொல்கிறாளே என்று எல்லோரும் சிரித்தார்களாம். அடுத்த வருடம் அப்படித்தான் மாற்றினார்கள்.

பெரிய சண்டை ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் வந்தது. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று எழுதிய டிரம் ஒன்று ஸ்டோரில் எப்போதும் இருக்கும். ஃபோர்மேனுக்கு அதுவே போதும்.

"சிவப்பா இருக்கு, வழவழன்னு இருக்கு. வேற என்னம்மா பாக்கணும்? பொண்ணா பாக்கப் போறோம்?"

"சிவப்பு வெறும் சாயம் சார். ஒழுகினா எதுலேர்ந்து ஒழுகுதுன்னு தெரியணும்னு கலக்குறாங்க. சாயத்தப் பாத்து சம்மதிச்சா பின்னாடி நாமதான் அழணும்."

அப்போது நான் எங்கோ தூரதேசத்தில் ஒரு ரயில் நிலையத்தில் இருந்தேன். கியர்பாக்ஸ் செய்தவர்கள் கொடுத்த கையேட்டின் பக்கங்களை அக்கா போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் உற்சாகமாக முழுப் பக்கத்தையும் தமிழில் எழுதத் தொடங்கினேன். உடனே போன் வந்தது. "பூராவும் வேணாம்டி. கடைசி வரியில இந்தத் தரத்து ஆயில ஊத்துறது நல்லதுன்னு இருக்கா, ஊத்தியே ஆகணும்னு இருக்கா? அத மட்டும் சொல்லு." ஊற்றியே ஆகவேண்டும் என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் நடையாய் நடந்தாள். கடைசியில் மேனேஜர் விலை கூடிய அந்த ஆயிலுக்குக் கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. இதற்கப்புறமும் கியர்பாக்ஸ் போனால் பொறுப்பு அவளுடையது. ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கே திரும்பிவிட வேண்டும்.

புது ஆயில் ஊற்றிப் பத்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. நான் ஊர் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் தொந்தரவு தொடங்கியது.

முதலில் வந்தது பதினான்காம் எண் லாரி. அதன் டிரைவர் மின்னல். ஆமைக்கு அண்ணன் போல ஓட்டுவார் என்பதால் அந்தப் பெயர். எச்சரிக்கை விளக்கு எரிகிறது, கியர் விழத் தயங்குகிறது என்றார். கோலை உருவினால் நுனியில் இளஞ்சிவப்பாக நுரை. மறுநாள் இன்னும் இரண்டு, அந்த வார முடிவுக்குள் நான்காவது. கியர்பாக்ஸின் காற்றுத் துவாரம் வழியாக ஆயில் கக்கி வண்டியின் அடிப்பாகமெல்லாம் வழிந்திருந்தது. கக்கியதால் அளவு குறைந்தது, குறைந்ததால் மறுபடி ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை கூட்டம் என்று மேனேஜர் அறிவித்தார். பழைய டிரம்முக்கே திரும்பிவிடலாம் என்று ஃபோர்மேன் முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். அக்கா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். வாசல் வேலைக்குப் போவதில் அவளுக்கு வெட்கமில்லை. அவள் தேர்ந்தெடுத்த ஆயில் கெட்டது என்று பெயர் வந்துவிட்டால் மிச்சம் ஏழு வண்டியிலும் பழையதை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றாக எரியும். அதை வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நுரைக்குத் தண்ணீர் காரணமா என்று முதலில் பார்த்தாள். சமையலறையில் இரும்புத் தட்டைச் சூடாக்கி இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். வெடிக்கவில்லை. அடுப்பைக் கெடுத்துவிட்டாள் என்று அம்மா திட்டியதுதான் மிச்சம். பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்த நுரை ஆயிலைப் பாதிவரை ஊற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். காலையில் நுரை அடங்கி, ஆயில் தெளிவாக, பாட்டிலில் அச்சடித்திருந்த கோட்டுக்கு நேராக நின்றது. "காத்துதான் கலந்திருக்கு. ஆயில் சுத்தமா இருக்கு. அப்புறம் காத்து எப்படிப் போச்சு?" என்று பாட்டிலைப் பார்த்தே கேட்டாள்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் சும்மா இருந்தால் நான் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் பார்ப்பேன் என்று அம்மா பயப்படுவாளாம். போன மாதத்திலிருந்து வண்டி கழுவும் இடத்தில்தான் அளவு பார்க்கிறார்கள். கூரை உண்டு, தூசி இல்லை. பதினான்காம் லாரி மூக்கை உள்ளே விட்டு நின்றது. அக்கா கையோடு கொண்டுவந்த ஆயில் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வண்டிக்கடியில் குனிந்தாள். நான் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து திரும்பியவள் அப்படியே நின்றாள்.

பாட்டிலில் ஆயில் கோணலாக இருந்தது. அச்சுக்கோட்டின் ஒரு முனை ஆயிலுக்குள் மூழ்கியும் மறுமுனை மேலே வெளியிலும் கிடந்தது.

"ஊரெல்லாம் சுத்தினியே, இந்தத் தரையப் பாத்தா சமமா தெரியுதா உனக்கு?" என்றாள்.

தெரியத்தான் தெரிந்தது. கழுவிய தண்ணீர் சாக்கடைக்கு ஓட வேண்டும் என்று முன்பக்கம் தாழ்வாகச் சிமென்ட் போட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு. எல்லா வண்டியும் முகத்தைத் தாழ்வில் வைத்து நிற்கும். கோல் இறங்கும் குழாய் பின்பக்கம் இருக்கிறது. ஆயில் முன்னால் ஒதுங்கிவிட, கோல் குறைவு என்று காட்டியது. நிறைந்த பாத்திரத்தில் மறுபடி ஊற்றியிருக்கிறார்கள். மிதமிஞ்சிய ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து தள்ளின. காற்று கலந்தது, நுரைத்தது, கொதித்தது, கக்கியது.

அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. வாளியை இன்னொன்று கவிழ்த்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க வச்சுப் பாக்கலாம்னு சொன்னதே நான்தான்டி. முன்னாடி தகரக் கொட்டகைக்குப் பின்னாடி பாத்தோம். அங்க ஒரே புழுதி. கோல் வழியா மண்ணு போயிடும்னு நான்தான் ஃபோர்மேன்கிட்ட நச்சரிச்சேன்."

"எழுத்துல இருக்கா?"

"உத்தரவுல அவரு கையெழுத்து. என் பேரு எங்கயும் இல்ல."

தரை சரியில்லை என்று மட்டும் சொன்னால் ஆயிலும் தப்பும், அவளும் தப்புவாள். எட்டு வருடமாக அவளைக் கிண்டல் செய்த மனிதர் மாட்டிக்கொள்வார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நான் எந்த இடத்திலும் ஒரு உத்தரவு பழசாகும்வரை இருந்ததில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நான் போக முடியாது. அங்கே நடந்ததை மின்னல் எனக்குச் சொன்னார். அக்கா மேனேஜரையும் ஃபோர்மேனையும் கழுவும் இடத்துக்கு அழைத்துப்போய்ப் பாட்டிலைத் தரையில் வைத்தாளாம். பிறகு நான்கு வண்டியிலும் அதிகப்படி ஆயிலை வடித்து, பழைய தகரக் கொட்டகைக்குப் பின்னால் சமதரையில் அளந்து காட்டினாளாம். மேனேஜர் உத்தரவை எடுத்துப் படித்துவிட்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பினாராம்.

"அவர் இடத்த மாத்தல சார். நான் கேட்டேன், அவர் கையெழுத்துப் போட்டாரு. புழுதியப் பாத்தேன், தரையப் பாக்கல," என்றாளாம் அக்கா.

"கையெழுத்துப் போட்டவனுக்குக் கண்ணு இல்லையான்னு யாரும் கேட்க மாட்டாங்களா?" என்றாராம் ஃபோர்மேன். மின்னல் இந்த வரியை என்னிடம் மூன்று தடவை சொன்னார். எட்டு வருடத்தில் ஃபோர்மேன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தையாம்.

ஆனால் பதினான்காம் லாரியின் கியர்பாக்ஸைத் திறந்தபோது இரண்டு தட்டுகள் கருகியிருந்தன. நிபந்தனை நிபந்தனைதான் என்றார் மேனேஜர். புது ஆயில் தொடரும், அக்கா வாசலுக்குப் போக வேண்டும். அன்றிரவு வீட்டில் அவள் ஆயில் தப்பித்தது என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. வேலை இறங்கிவிட்டதே என்று அவள்தான் அழுதாள்.

வாசலில் ஒன்பதாவது நாள். மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். வாசலை ஒட்டி எடை மேடை இருக்கிறது. குப்பை இறக்கிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு லாரியும் அதில் ஏறி நின்று வெறும் எடை காட்டிவிட்டுத்தான் உள்ளே போகும். மின்னல் வந்து நின்றார். அக்கா எண்ணை எழுதக் குனிந்தவள் நிமிர்ந்தாள். என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி எடை மேடையின் விளிம்பில் வைத்தாள். தண்ணீர் அசைந்து, அடங்கி, நேராக நின்றது. எடை மேடை கொஞ்சம் சாய்ந்தாலும் எடை பொய் சொல்லும். வருடா வருடம் அதிகாரி வந்து அதன் மட்டத்தைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போகிறார். பதினோரு வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"இன்ஜின அணைக்காதீங்க. நியூட்ரல்ல போடுங்க," என்றாள் மின்னலிடம்.

காலை முழுக்க ஓடிச் சூடேறிய ஆயில், ஓடும் இன்ஜின், நியூட்ரல், சமதரை. கையேடு கேட்ட நான்கும் அங்கே இருந்தன. அவள் கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினாள். ஆயில் கோலின் இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது. வெள்ளைத்தாள் இல்லாததால் என் கைக்குட்டையில் ஒரு சொட்டு வைத்து முகர்ந்தாள்.

"என்னக்கா, வாசல்லயும் மூக்கா?" என்றார் மின்னல்.

அடுத்த வாரத்திலிருந்து பதினொரு லாரிக்கும் அங்கேதான் அளவு பார்க்கிறார்கள். காற்று வீசும் நாளில் தூசி படாமல் இருக்கக் கோல் இறங்கும் குழாயின் வாயைச் சுற்றிப் பிடிக்க ஒரு தகர வளையத்தை ஃபோர்மேனே வெட்டி வளைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மேனேஜர் ஸ்டோர் சாவியை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. ஸ்டோருக்கு வேறு யாரையாவது போடுங்கள், எந்த ஆயில் வருகிறது என்று மட்டும் என்னைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றாளாம்.

ஏன் என்று அன்று சாயங்காலம் வாசலுக்குப் போய்க் கேட்டேன். சோப்புப் போட்டு விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"டிரம் ஸ்டோர்ல இருக்கு. வண்டி இங்கதான வந்து நிக்குது."